39 டிகிரி அறையில் அளந்து சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் 'எந்த ஏர் கூலர் வாங்கலாம்?' என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர் ஃப்ளாட் மாமி காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தில்லியில் கூலர் என்றால் ஜன்னலுக்கு வெளியே இரும்பு ஸ்டாண்டில் உட்கார்ந்து, புல் தட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட இரைகிற பெட்டிதான். ஜூன் மாதத்தில் அந்தத் தலைப்பைப் பார்க்கிற யாரும் அதைத்தான் நினைப்பார்கள். மாமி இரண்டு பத்தி படித்துவிட்டு, "என்னமோ ப்ராசஸர்னு போட்டிருக்கு, இது உன் சமாசாரம் போலிருக்கு, நீயே வச்சுக்கோ" என்று பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் சமாசாரம்தான். கட்டுரை பேசுவது கம்ப்யூட்டருக்குள் ப்ராசஸர் என்ற முக்கிய சிப்பின் மேல் மாட்டி, ஃபேன் காற்றால் அதைக் குளிர்விக்கும் கூலரைப் பற்றி. நான் முனிர்க்காவில் ஒரு டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) ஃப்ளாட்டில் இருக்கிறேன். பதினொரு வருடமாக வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட் செய்து தருகிறேன். ஆர்.கே.புரம், கரோல் பாக், மயூர் விஹார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணம், பூணூல், சீமந்தம், அறுபதாம் கல்யாணம் என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். எடிட் முடித்துக் கடைசியில் முழுப் படத்தையும் ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் போடும்போதுதான் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். ஒரு கல்யாணப் படம் முடிய நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடும். அது தாக்குப்பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் கூலரைப் பொறுத்தது. அதனால் உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஐந்து கூலர்களை ஒரே ப்ராசஸரில் மாற்றி மாற்றிப் பொருத்தி அளந்திருக்கிறார்கள், உழைப்பு தெரிகிறது. ஆனால் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'அறை வெப்பநிலை 22 டிகிரி'. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

தில்லியில் மே, ஜூனில் 22 டிகிரி அறை யாரிடம் இருக்கிறது? எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஏ.சி. அது மாமனார் படுக்கும் அறையில் இருக்கிறது, அங்கேதான் இருக்க வேண்டும். என் மேஜை இருக்கும் அறையில் மத்தியானம் 38, 39 டிகிரி. ஜன்னல் கூலர் போட்டால் 32 வரை இறங்கும், ஆனால் அது ஈரக்காற்றையும் தெருப் புழுதியையும் சேர்த்து உள்ளே தள்ளும். ஜூலையில் மழை வந்து காற்றில் ஈரம் ஏறிவிட்டால் அதுவும் எடுபடாது. வீட்டில் வைத்து வேலை பார்க்கும் எத்தனையோ பேருடைய அறை இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏர் கூலர் எதுவானாலும் சிப்பிலிருந்து வாங்கிய சூட்டை அறைக் காற்றிடம்தான் கொடுக்கிறது. அறைக்குக் கீழே அதால் இறங்க முடியாது. ஆகவே பார்க்க வேண்டிய கணக்கு, அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிற்கிறது என்பதுதான். 22 டிகிரி அறையில் 72 காட்டுகிற கூலர் ஐம்பது டிகிரி மேலே நிற்கிறது. அதே கூலர் அதே வேலைக்கு என் அறையில் ஏறக்குறைய 89 காட்டும். உங்கள் அட்டவணையில் உள்ள வரிசை இதனால் பெரிதாக மாறாது, அங்கே முதலில் வந்தது இங்கேயும் முதலில்தான் வரும். ஆனால் பாஸ் மார்க் மாறிவிடும். என்னுடைய ப்ராசஸர் இன்டெல் ஐ-7 12700. 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 22 டிகிரி அறையில் 85 காட்டி 'பரவாயில்லை' என்று நீங்கள் எழுதிய கூலர், இங்கே அந்த நூறைத் தொட்டுவிடும். வாசகர் அதை வாங்கிவிட்டு, ப்ராசஸர் மந்தமாக இருக்கிறது என்று ப்ராசஸரை நொந்துகொள்வார்.

என் வீட்டில் அதுதான் நடந்தது. 2022 நவம்பரில் இந்த மெஷினை வாங்கியபோது ப்ராசஸரோடு பெட்டியில் வந்த கூலரையே மாட்டிக் கொடுத்தார்கள். அந்த ப்ராசஸரின் அட்டையில் 65 வாட் என்று இருக்கும். பார்த்தால் சாதுவான எண். ஆனால் இன்டெல் தரும் விவரத்தில் டர்போ என்ற உச்ச வேகத்துக்கு 180 வாட் வரை என்றும் இருக்கிறது. நீண்ட எக்ஸ்போர்ட்டில் மதர்போர்டு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவு மின்சாரத்தை அது இழுக்கும். இழுத்த மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். ஜனவரியில் என் அறை 16 டிகிரியில் இருந்தபோது பாக்ஸ் கூலரோடு 92, 93 வரை போய் நாலு மணி நேரத்தில் வேலை முடிந்தது. மே மாதம் அதே அளவுள்ள ஒரு படத்துக்கு ஐந்தே கால் மணி நேரம் ஆயிற்று. திரையில் 100 என்ற எண் அசையாமல் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலம் பென் டிரைவ் வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்து, காபி குடித்து, காத்திருந்தார்கள்.

அப்புறம் டீப்கூல் ஏகே400 வாங்கினேன். நாலு ஹீட் பைப், ஒரு 120 மி.மீ. ஃபேன், உயரம் 155 மி.மீ. 2,400 ரூபாய் கொடுத்தேன். அந்தக் கோடை தப்பித்தது.

ஹீட் பைப் என்றால் என்ன என்று உங்கள் கட்டுரை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டது. எதிர் ஃப்ளாட் மாமிக்கு நான் சொன்னதை இங்கே சொல்கிறேன். அந்தச் செம்புக் குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டுத் துளியளவு தண்ணீரை விட்டு மூடியிருப்பார்கள். சிப்பின் மேல் இருக்கும் முனையில் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும். மேலே அலுமினியத் தகடுகள் இருக்கும் முனைக்குப் போனதும் ஆவி குளிர்ந்து திரும்பத் தண்ணீராகும், வாங்கிய சூட்டை அங்கே விட்டுவிடும். குழாயின் உட்சுவரில் இருக்கும் திரி போன்ற பொருள் அந்தத் தண்ணீரை மறுபடி கீழே இழுத்துவரும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், நம் ஜன்னல் கூலரில் நனைந்த புல் தட்டி வழியாக வரும் காற்று குளிர்வதும், தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்வதால்தான். ஒரே வித்தியாசம், பானையில் போன தண்ணீர் திரும்ப வராது. ஹீட் பைப்பில் அதே துளி வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைச் சொன்னதும் மாமிக்குக் கம்ப்யூட்டர் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. நாலு பைப்புக்கும் ஆறு பைப்புக்கும் ஏன் விலை வித்தியாசம் என்று வாசகருக்கும் இப்படிப் புரியவைத்தால் நல்லது.

2024 மே 29 நினைவிருக்கும். தில்லி முங்கேஷ்பூர் வானிலை நிலையத்தில் 52.9 டிகிரி என்று செய்தி வந்து நாடே பதறியது. பிறகு அங்கிருந்த கருவி மூன்று டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது என்று வானிலைத் துறை விளக்கம் கொடுத்தது. அதே நாளில் சஃப்தர்ஜங்கில் 46.8. அன்றைக்கு மூன்று டிகிரி பிழைக்கு அத்தனை விவாதம் நடந்தது, நடக்கவும் வேண்டும். உங்கள் அட்டவணையிலும் முதல் கூலருக்கும் மூன்றாவது கூலருக்கும் வித்தியாசம் மூன்றே டிகிரிதான். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே வைக்கும் தெர்மல் பேஸ்ட்டைக் கொஞ்சம் கோணலாகத் தடவினாலோ, அளக்கிற நேரத்தில் யாராவது அறைக் கதவைத் திறந்தாலோ அந்த மூன்று வந்துவிடும். ஒரு கூலரை எத்தனை முறை கழற்றி மாட்டி அளந்தார்கள் என்று கட்டுரையில் இல்லை. ஒரே முறை என்றால் முதல் மூன்றையும் சமம் என்றுதான் சொல்ல வேண்டும், பரிசு கொடுக்கக் கூடாது.

அந்த வாரம்தான் என் ஏகே400-உம் 100-ஐத் தொட்டது. ஃபேன் முழு வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 1,850 சுற்றில், ராத்திரி முழுக்க இரைந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போயிருந்த என் மகன் அதே அறையில் ஆறடி தள்ளிக் கட்டிலில் படுக்கிறான். "அம்மா, அதை நிறுத்தேன்" என்று தூக்கத்திலேயே சொல்வான். சரி, நாலு பைப் போதவில்லை என்று முடிவு கட்டி நேரு பிளேஸ் போனேன்.

கடைக்காரர் ஒரு பெரிய இரட்டை டவர் கூலரை எடுத்து வைத்தார். உயரம் 165 மி.மீ. "எல்லா கேபினட்டுக்கும் பொருந்தும் மேடம்" என்று இந்தியில் அடித்துச் சொன்னார். என் கேபினட், அதாவது கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி, எது என்று அவர் கேட்கவில்லை, அங்கே நின்று அளவு பார்க்க எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டினால் பக்கக் கதவு மூடவில்லை. கேபினட் பெட்டியில் 160 மி.மீ. வரைதான் என்று அச்சடித்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது சீல் பிரித்த சாமான் என்று 1,200 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது ஒரு சின்னப் படத்தின் பாதிக் கூலி. உங்கள் அட்டவணையில் விலை இருக்கிறது, வாட் இருக்கிறது, விளக்கு எரிகிற நிறம்கூட இருக்கிறது, உயரம் மட்டும் இல்லை. நோக்டுவா என்எச்-டி15 என்ற பேர்போன கூலர் 165 மி.மீ., டீப்கூலின் ஏகே620 160 மி.மீ., தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மி.மீ. பத்து மில்லிமீட்டரில்தான் கதவு மூடுவதும் மூடாததும். முன் ஃபேனுக்கு அடியில் ராம் என்ற மெமரி அட்டை எவ்வளவு உயரம் என்பதும் முக்கியம். ராம் உயரமாக இருந்தால் ஃபேனை மேலே தூக்கி மாட்ட வேண்டும், மொத்த உயரமும் கூடிவிடும்.

வாட் என்று போட்டிருக்கிறீர்களே, அதையும் அப்படியே நம்பச் சொல்லாதீர்கள். கூலர் அட்டையில் எழுதும் வாட்டுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கில் எழுதுகிறது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் விஷயமும் ஒன்று உண்டு. 2021 கடைசியில் இன்டெல் 12-ஆம் தலைமுறை வந்தபோது மதர்போர்டில் கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளி 75 மி.மீட்டரிலிருந்து 78 ஆயிற்று. பழைய மெஷினில் இருந்த என் நல்ல கூலர் ஒன்று அந்த மூன்று மில்லிமீட்டரால் இதில் உட்காரவில்லை. தனியாக பிராக்கெட் கிடைத்தால்தான் ஆயிற்று. இன்டெல்லுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி-யில் ஏஎம்4 சாக்கெட்டிலிருந்து ஏஎம்5-க்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கஷ்டம் இல்லை, பழையதே உட்காரும்.

கடைசியில் 155 மி.மீ. உயரமுள்ள அந்த பியர்லெஸ் அசாசினை 3,600 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். ஆறு பைப், இரண்டு ஃபேன். அதை மாட்டுவதற்காகப் பழைய கூலரைக் கழற்றியபோது பார்த்ததைத்தான் இந்தக் கடிதத்தில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பால்கனியில் பழைய பேப்பரை விரித்து, நாலு கம்பிக் கொக்கியையும் நெம்பி ஃபேனைத் தனியாக எடுத்தேன். ஃபேனுக்குப் பின்னால் அலுமினியத் தகடுகளே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு ஒட்டியிருந்தது. ஆந்தி என்ற புழுதிப் புயல் அடித்த நாட்களின் புழுதி, ஜன்னல் கூலரின் ஈரம், மெட்ரோ வேலை நடக்கிற தெருவின் சிமென்ட் தூசி, எங்கள் தலைமுடி எல்லாம் சேர்ந்து நெய்த மாதிரி இருந்தது. விரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன், முழுசாக ஒரே துண்டாக உரிந்து வந்தது. பாயிலிருந்து வெல்வெட் துணியை உரிப்பது போல. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தகடுகளின் கோடுகள் அதில் பதிந்திருந்தன. இத்தனை நாளும் ஃபேன் இந்தச் சுவரில் மோதித்தான் இரைந்திருக்கிறது. ஒரு துளிக் காற்றும் உள்ளே போயிருக்காது.

ஒரு யோசனை வந்தது. புதியதை மாட்டுவதற்கு முன்னால் இதையே சுத்தம் செய்து மாட்டி அளந்து பார்ப்போம் என்று. பெயிண்ட் அடிக்கும் இரண்டு அங்குல பிரஷ்ஷால் தகடுகளுக்கு நடுவே தட்டி எடுத்தேன். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பிளோயர் அடித்தேன், பிடிக்காமல் அடித்தால் கண்டபடி சுற்றி பேரிங் கெட்டுவிடும். சிப்பின் மேல் காய்ந்த பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மாட்டினேன். அறை 39 டிகிரி, முன்னால் போட்ட அதே கல்யாணப் படம், அதே எக்ஸ்போர்ட். 100-இல் நின்றது 89-இல் நின்றது. பதினொரு டிகிரி, செலவு ஒரு பைசா இல்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு, அறை 39-க்கு வரும்வரை காத்திருந்து, புதிய ஆறு பைப் கூலரை மாட்டி அளந்தேன். 81. ஆக 3,600 ரூபாய் கொடுத்துக் கிடைத்தது எட்டு டிகிரி, பிரஷ் கொடுத்தது பதினொன்று. புதியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் ஃபேன்களின் உச்ச வேகமே 1,550 சுற்றுதான், இரண்டு ஃபேனும் பாதி வேகத்தில் ஓடினாலே வேலை நடக்கிறது. எக்ஸ்போர்ட் ஓடும்போது சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் எனக்குக் கேட்கிறது. முன்பு கேட்காது. மகன் தூங்குகிறான். அந்தச் சத்தமின்மைக்காக 3,600 கொடுத்தது எனக்கு முழு சம்மதம். ஆனால் குளிர்ச்சிக்காக மட்டும் வாங்கப் போகிறவர் முதலில் கூலரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரி உங்கள் கட்டுரையில் இருந்திருந்தால் எத்தனையோ வாசகருக்குக் காசு மிச்சமாகியிருக்கும்.

ஒரே ஒரு அட்டவணையைப் புதிதாகச் சேர்க்க முடியும் என்றால், இரண்டு மாதம் தில்லித் தெருவைப் பார்த்த அறையில் ஓடிய பிறகு எந்தக் கூலர் எத்தனை டிகிரி ஏறியது என்பதைப் போடுங்கள். தகடுகள் நெருக்கமாக உள்ள கூலர் சீக்கிரம் அடைக்கிறதா, ஃபேனைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டுமா அல்லது கொக்கியை நெம்பினால் போதுமா, கூலரையே கழற்றாமல் ஃபேனை மட்டும் எடுத்துத் துடைக்க முடிகிறதா என்பதெல்லாம் அதில் வரட்டும். பாக்ஸ் கூலரின் நாலு பிளாஸ்டிக் பின்களைக் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தி மாட்டுவது எத்தனை கஷ்டம், அதில் ஒன்று சரியாக உட்காராவிட்டால் என்ன ஆகும் என்பதும் வரட்டும். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டித் தந்த மெஷின் ஒன்று போன மாதம் என்னிடம் வந்தது. தெரிந்த பையன், கல்லூரிக்குப் புதிதாக வாங்கியது. தாளை உரித்து மாட்டினேன், பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

தண்ணீரைச் சுற்றவிட்டு ப்ராசஸரைக் குளிர்விக்கும் தண்ணீர் கூலரே மேல் என்று கட்டுரை முடிகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதன் தண்ணீரும் சூட்டைக் கடைசியில் இதே 39 டிகிரி காற்றில்தான் கொட்ட வேண்டும். மிகப் பெரிய ப்ராசஸர் வைத்திருப்பவருக்கு அது உதவலாம். என்னைப் போன்றவருக்கு, பம்ப் என்று கெட்டுப்போக இன்னொரு பாகம். ஏர் கூலரில் கெடுவது ஃபேன் ஒன்றுதான், அதையும் சில நூறு ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, கூலரே வாங்காமல் செய்யக்கூடியது. இதைச் சொல்ல மறந்துவிடுவேன் என்று தனியாகக் குறித்து வைத்திருந்தேன். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்கும் செட்டிங் பக்கத்தில், ப்ராசஸர் இழுக்கும் மின்சாரத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாம். மே, ஜூனில் நான் 110 வாட்டில் நிறுத்திவிடுகிறேன். நாலு மணி நேர வேலைக்கு 22 நிமிடம் கூடுதலாகிறது, சூடு இன்னும் பத்து டிகிரிக்கு மேல் இறங்குகிறது. செப்டம்பர் கடைசியில் வரம்பை எடுத்துவிடுவேன். கல்யாண சீசன் நெருக்கத்தில் 22 நிமிடமும் எனக்கு முக்கியம், ஆனால் அப்போது தில்லியில் குளிர் வந்திருக்கும்.

அடுத்த ஒப்பீட்டை எழுதுகிறவர் தில்லியிலோ, வேலூரிலோ, மதுரையிலோ ஏ.சி. இல்லாத ஒரு வீட்டு அறையில் மே மாத மத்தியானத்தில் வைத்து அளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடியாவிட்டால், அறையைவிட எத்தனை டிகிரி மேலே என்ற எண்ணையாவது போடுங்கள், மீதியை நாங்கள் கூட்டிக்கொள்கிறோம். உயரத்தையும் போடுங்கள்.

2024 மேயிலிருந்து ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டுக்கும் அறை எவ்வளவு, ப்ராசஸர் எவ்வளவு என்று மேஜைக்கு மேலே தொங்கும் மாதக் காலண்டரின் கட்டங்களில் பென்சிலால் எழுதிவருகிறேன். ஆந்தி அடித்த நாளுக்கு ஒரு சுழி, பிரஷ் போட்ட நாளுக்கு ஒரு கோடு. தாள்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன். கட்டுரை எழுதியவருக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
முனிர்க்கா, புது தில்லி